எண்ணி எண்ணி ஏமாந்தனர்!

1844ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள். அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மாநிலங்களிலே ஆயிரமாயிரம் குடும்பத்தினர் அண்ணாந்து வானத்தை நோக்கியவண்ணம் காத்துக் கிடந்தனர். அறுவடை செய்யாமல் வயலை விட்டு வந்த உழவர் இருந்தனர். விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்தால் நம்பிக்கை குறைந்தவன் என்றாகிவிடுமே என அஞ்சி, அதனை மண்ணுக்குள்ளேயே விட்டு வைத்தவர் இருந்தனர். இன்று இயேசு மேகத்தின்மீது வருவார், உலகம் நெருப்பில் வேகும், நாளை என ஒன்று இல்லை; இது அவர்கள் கொண்டிருந்த உறுதி!

மாலை வந்தது. இரவு வந்தது. நள்ளிரவும் வந்து போயிற்று. வரவேண்டியவர் வரவில்லை; வழக்கம்போல் வந்தது விடியல்தான்! வாய்விட்டுக் கதறினர் அம்மக்கள். ஊரார் நகைத்தனர். 'பெரும் ஏமாற்றம்' என்று அந்நாளுக்கு வரலாறு பெயரிட்டது.

ஏமாற்றியவர் யார்? எத்தனா, எடுபிடிகளை வைத்துப் பொருள் பறித்த போலிச் சாமியாரா? இல்லை, தோழர்களே! வில்லியம் மில்லர் என்பார் நியூயார்க் மாநிலத்து உழவர். 1812இல் மூண்ட போரிலே படைப்பிரிவுத் தலைவராக நின்றவர். இளமையில் வேதத்தையே ஐயுற்றவர். அவர் கனவு கண்டதாகச் சொல்லவில்லை. காதில் அசரீரி ஒலித்ததாகக் கூறவில்லை. கணக்குப் போட்டார்! பள்ளிப் பிள்ளையும் சரிபார்க்கத்தக்க கழித்தல் கணக்கு. 2300இல் 457 போனால் 1843. தவறு உண்டோ? இல்லை. கழித்தல் சரி, கண்ட விடைதான் காற்றோடு போயிற்று!

கணக்கு சரியாக இருந்தும் முடிவு பொய்யாவது எப்படி? இதுவே ஆராயத்தக்க கேள்வி. மில்லர் ஒருவர் தடுக்கி விழுந்த கதை மட்டுமாக இருந்தால், 'பாமரர் மயக்கம்' எனப் பகர்ந்துவிட்டு நாம் நடையைக் கட்டலாம். ஆனால் அந்த வழியிலே அவருக்கு முன் நடந்தவர்கள் யார் தெரியுமா? 'அடுக்கு' எனும் கணிதக் கருத்துக்குப் பெயர் தந்தவர், மடக்கையைக் கண்டுபிடித்தவர், புவியீர்ப்பு விதியை உலகுக்கு உணர்த்தியவர்! ஆகவே, இது அறியாமையின் கதை அன்று. அறிவு தன் கருவியைத் தவறான இடத்தில் ஊன்றிய கதை.

கருவிகள் யாவை?

விவிலியத்திலே எண்கள் நிறைந்த ஏடுகள் இரண்டு. ஒன்று தானியேல், மற்றொன்று வெளிப்படுத்தின விசேஷம். எழுபது வாரங்கள், 2300 இராப்பகல், 1290 நாள், 1335 நாள் என்று பேசுகிறது முன்னது. 42 மாதம், 1260 நாள் என்று கூறி, மிருகமொன்றின் எண்ணாக 666ஐயும் தருகிறது பின்னது. மாதத்துக்கு 30 நாள் எனக் கொண்டால் 42 மாதம் 1260 நாளாகிறது; மூன்றரை ஆண்டும் அதுவே.

இந்த நாள்களை நாள்களாகவே கொண்டால் கணிப்போர்க்குக் கைக்கு எட்டுவது ஏதுமில்லை. எல்லாம் பண்டைக் காலத்திலேயே முடிந்துபோயிருக்கும். எனவே ஒரு விதி வகுத்தனர்: 'ஒரு நாள் என்பது ஓர் ஆண்டு.' ஆதாரம்? எண்ணாகமத்திலே, நாற்பது நாள் வேவு பார்த்தவர்க்கு நாற்பது ஆண்டு தண்டனை என்று ஓரிடம். எசேக்கியேலிலே, ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் படுத்துக் கிட என்று ஓரிடம். இரண்டு இடங்களிலும், நாளுக்கு ஆண்டு என்று அந்தந்த இடத்திலேயே விளக்கிச் சொல்லப்படுகிறது. தானியேலின் 2300க்கு அப்படி ஒரு விளக்கம் இல்லை. இருந்தும் அங்கே கிடைத்த திறவுகோலை இங்கே கொண்டுவந்து திருகினர். பூட்டுத் திறந்ததா? திறந்ததாக எண்ணிக்கொண்டனர்!

இன்னொரு விந்தையும் காணுங்கள். மூன்றரை ஆண்டை 1260 ஆக்கும்போது ஆண்டுக்கு 360 நாள். அந்த 1260ஐ ஆண்டுகளாக மாற்றி வரலாற்றின்மீது விரிக்கும்போது ஆண்டுக்கு 365 நாள்! ஒரே கணக்கின் முதல் வரியில் ஓர் அளவுகோல். இரண்டாம் வரியில் வேறோர் அளவுகோல். துணிக்கடைக்காரர் இப்படி முழம் போட்டால் வாங்குவோர் விடுவாரோ?

மேதைகளின் ஏடுகள்

ஜெர்மானியப் பாதிரியார் மிக்கேல் ஸ்டீஃபெல், மார்ட்டின் லூதரின் தோழர். சிறந்த கணித வல்லுநர். போப் பத்தாம் லியோவின் பெயரை எடுத்துக்கொண்டார். 'லியோ தெசிமுஸ்' என இலத்தீனில் எழுதி, அதிலுள்ள ரோம எண்ணெழுத்துகளை மட்டும் பொறுக்கினார்: எல் 50, டி 500, சி 100, ஐ 1, எம் 1000, வி 5. கூட்டினால் 1656. 666 வரவில்லையே! 'எம்' என்பது 'மறைபொருள்' எனும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்து என்று கூறி ஆயிரத்தை அகற்றினார். மிஞ்சியது 656. பத்தாம் லியோ அல்லவா? ஒரு பத்தைச் சேர்த்தார். வந்தது 666! ஆக, போப்பே மிருகம் என்று முடிவு கட்டினார்.

கத்தோலிக்கர் கைகட்டி நிற்பரோ? இத்தாலியின் பெர்கமோ நகரத்துப் பியத்ரோ போங்கோ என்பார், லூதரின் பெயரை எடுத்தார். எழுத்துகளுக்கு வரிசையாக 1 முதல் 9, பிறகு 10, 20 என்று 90 வரை, அதன்பின் 100, 200 என மதிப்பளித்தார். 'மார்ட்டின்' என்பதற்கு 30, 1, 80, 100, 9, 40; ஆக 260. 'லூதெரா' என்பதற்கு 20, 200, 100, 5, 80, 1; ஆக 406. இரண்டும் கூடினால் 666! எனவே லூதரே மிருகம்! எழுத்து ஒன்றைப் பெயரின் வாலில் ஒட்டவைக்கும் உரிமையை அவரும் எடுத்துக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள்.

இருவர் கூட்டலும் பிழையற்றது. இருவர் முடிவும் ஒன்றையொன்று கொல்வது. எதிரியின் பெயரை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு எண்ணைத் தேடினால், தேடுபவர் கைக்கு எண் கிட்டாமல் போவதில்லை.

ஸ்டீஃபெல் அத்துடன் நிற்கவில்லை. 1533ஆம் ஆண்டு அக்டோபரில், ஒரு நாள் காலை 8 மணிக்கு உலகம் முடியும் என்று மணிக்கணக்காகவே அறிவித்தார். மணி எட்டு அடித்தது, உலகம் முடியவில்லை, அவருடைய பதவிதான் முடிந்தது! சிறையில் வைக்கப்பட்டவர், லூதரின் பரிவால் மீண்டார். அதன்பின் கணிதத்தின் பக்கம் திரும்பினார். 1544இல் அவர் வெளியிட்ட எண்கணித நூல் இன்றும் போற்றப்படுகிறது. ஒரே மனிதர், ஒரே மூளை! கணிதத்தைக் கணிதமாகச் செய்தபோது கிடைத்தது நிலைத்த புகழ். கனவுக்குக் காவலாளாக நிறுத்தியபோது கிடைத்தது சிறை.

அடுத்து வருபவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர். 1614இல் மடக்கை அட்டவணை தந்து, வானநூலார் வாழ்நாளை இருமடங்காக்கியவர் எனப் பாராட்டப்பட்ட பெரியார். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஒரு விளக்கநூல் எழுதி, மன்னர் ஆறாம் ஜேம்சுக்குக் காணிக்கையாக்கினார். நூலின் அமைப்பைப் பாருங்கள்: யூக்ளிடின் வடிவியலைப்போல் கூற்று, அதற்கு நிறுவல், அதன்மேல் அடுத்த கூற்று! ஒவ்வோர் எக்காளத்துக்கும் 245 ஆண்டு என்று அடுக்கிச் சென்று, இறுதி நாள் 1688க்கும் 1700க்கும் இடையே வரும் என நிறுவினார். டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் அந்நூல் உலா வந்தது. 1700 வந்தது, போனது, உலகம் இருந்தது.

நிறுவலின் தோற்றம் வேறு; நிறுவல் வேறு. யூக்ளிட் எடுத்துக்கொண்ட அடிப்படை உண்மைகளை எவரும் ஒப்புவர். எக்காளம் என்றால் நூற்றாண்டு, மிருகம் என்றால் போப் என்பதை ஒப்பியே தீரவேண்டிய கட்டாயம் எவருக்கு உண்டு? அடித்தளம் சேறாக இருக்க, அதன்மேல் செதுக்கிய கருங்கல் தூணை நாட்டினார் நேப்பியர். தூண் அழகியது, சாய்ந்ததும் உண்மை!

நியூட்டன் எனும் புதிர்

இவர்கள் அனைவரினும் பெரியவர் ஐசக் நியூட்டன். தானியேல், வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய இரண்டு நூல்களையும் குறித்து அவர் எழுதிய ஆராய்ச்சி, அவர் மறைந்து ஆறாண்டுகள் கழிந்து 1733இல் அச்சேறியது. எடுத்தெறிந்து பேசத்தக்க ஏடன்று அது. ரோமப் பேரரசு மேற்கே சிதறிய காலத்தில் எழுந்த வாண்டலர், விசிகோத்தர், பிராங்கர், பர்கண்டியர் முதலான அரசுகளை அவர் ஆண்டுவாரியாக ஆராய்கிறார். பழைய வரலாற்றாசிரியர்களைப் பக்கம் பக்கமாக ஒப்பிடுகிறார். மிருகத்தின் பத்துக் கொம்புகளும் இந்தப் பத்து அரசுகள் என்கிறார். தீர்க்கதரிசன மொழிக்கு அகராதியே வகுக்கிறார்: கதிரவன் என்றால் அரச குலம், நிலவு என்றால் பொதுமக்கள், விண்மீன்கள் என்றால் சிற்றரசர் என்று!

உழைப்பைப் போற்றுகிறோம். ஆனால் ஒன்று கேட்போம்: இந்த அகராதி தவறு என்று காட்ட வழி ஏதேனும் விட்டுவைத்தாரா? நிலவு என்றால் பொதுமக்கள் என்பதை எந்தச் சோதனை மெய்ப்பிக்கும், எந்தச் சோதனை பொய்ப்பிக்கும்? பத்து அரசுகளைப் பட்டியலிட்டோர் பலர். ஒருவர் பட்டியல் மற்றொருவர் பட்டியலோடு ஒத்துப்போனதில்லை. சிதறிய பேரரசின் துண்டுகள் பத்துக்கு மேலும் உண்டு, கீழும் உண்டு. பத்து வரும்வரையில் எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்வதற்கு வரலாறு தடை சொல்லாது.

அவர் அச்சிடாமல் வைத்திருந்த கைப்பிரதிகள் 1936இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. அவற்றுள் ஒரு பகுதியை ஆபிரகாம் யகூதா எனும் அறிஞர் சேர்த்தார். இப்போது அவை எருசலேமில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு தாளில் உள்ள கணக்கு: சார்லமேன் முடிசூடிய 800ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு 1260ஐக் கூட்டினால் 2060. அதற்கு முன் முடிவு வருவதற்குக் காரணம் காணவில்லை. பிந்தியும் வரலாம் என்பது அவர் கருத்து. நாள் குறித்து நாள் குறித்துப் பொய்த்துப்போகும் அவசரக்காரர்களின் வாயை அடைக்கவே இதை எழுதுவதாகவும் குறிப்பிடுகிறார். அச்சான நூலிலும், தீர்க்கதரிசனம் என்பது முன்கூட்டி நாள் பார்ப்பதற்கன்று, நடந்தேறிய பின் விளங்கிக்கொள்வதற்கே என்னும் கருத்தை வலியுறுத்துகிறார்.

இதனை அடக்கம் என்று பாராட்டுவோர் உண்டு. பாராட்டட்டும். ஆனால் உள்ளே பாருங்கள்: நடந்தபிறகே விளங்கும் என்றால், அது முன்னறிவிப்பாவது எங்ஙனம்? மழை பெய்து முடிந்தபின் 'இதைத்தான் சொன்னேன்' என்பவரை மழையறிஞர் என்று எவர் ஒப்புவார்?

நியூட்டனை நியூட்டனைக் கொண்டே அளப்போம். அவருடைய ஈர்ப்பு விதியைத் துணைக்கொண்டு எட்மண்டு ஹாலி ஒரு கணக்குப் போட்டார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய வால்மீன்கள் மூன்றல்ல, ஒன்றே; அது 1758ஆம் ஆண்டளவில் திரும்பி வரும் என்று 1705இல் அறிவித்தார். பிரெஞ்சு நாட்டுக் கிளேரோ, லெபோத் அம்மையார், லலாந்து ஆகியோர் துணையுடன் மேலும் நுணுகிக் கணக்கிட்டு, வியாழன், சனி ஆகிய கோள்களின் இழுப்பால் அது தாமதமாகும், கதிரவனை 1759 ஏப்ரல் நடுவில் நெருங்கும், ஒரு மாதம் முன்பின்னாகலாம் என்று வால்மீன் கண்ணில் படுவதற்கு முன்பே சொன்னார். 1758 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே பாலிட்ஸ்ச் எனும் உழவர், தம் தொலைநோக்கி வழியே அதைக் கண்டார்! 1759 மார்ச் 13இல் அது கதிரவனை மிக நெருங்கிற்று. சொன்ன எல்லைக்குள் வந்தது வால்மீன்!

ஹாலியும் மறைந்துவிட்டார், நியூட்டனும் மறைந்துவிட்டார். கணக்கு மட்டும் வாழ்ந்து தன்னை மெய்ப்பித்தது. அங்கேயும் ஓர் உழவர் வானத்தைப் பார்த்தார். 1844இலும் உழவர்கள் வானத்தைப் பார்த்தனர். முன்னவர் பின்னே நின்றது சோதனைக்கு அஞ்சாத விதி. பின்னவர்கள் பின்னே நின்றது சோதனையே அறியாத நம்பிக்கை.

மூன்று பாதைகள், ஒரே ஊர்!

இனி மில்லரின் கணக்குக்கு வருவோம். பாரசீக மன்னன் அர்தசஷ்டாவின் ஏழாம் ஆண்டில் எஸ்றா எருசலேமுக்கு அனுப்பப்பட்ட ஆண்டு கி.மு. 457. அதிலிருந்து 2300 ஆண்டு சென்றால் 1843. 'எனக்கு இது ஒன்றே சான்று அல்ல' என்பது மில்லரின் வாதம். கி.மு. 677இலிருந்து 2520 ஆண்டு எண்ணினாலும் 1843! கி.பி. 508உடன் 1335ஐக் கூட்டினாலும் 1843! மூன்று பாதைகளும் ஒரே ஊரிலே சேருகின்றனவே, இது தற்செயலாகுமா என்று கேட்டனர் அவரைச் சார்ந்தோர். பெரிய படமாகவே தீட்டி, கூட்டத்துக்குக் கூட்டம் தொங்கவிட்டனர்.

தற்செயல் அன்றுதான்! ஊரை முதலில் குறித்துக்கொண்டு, பாதை புறப்படும் இடத்தைப் பிறகு தேடினால், பாதை அவ்வூருக்குத்தானே வரும்? 457, 677, 508 என்று மூன்று தொடக்கங்கள். மூன்றையும் தெரிந்தெடுத்தவர் ஒருவரே. நெடிய வரலாற்றிலே, ஏதோ ஒன்று நிகழாத ஆண்டு உண்டோ?

2520 எனும் எண்ணின் பிற்காலத்தைக் கேளுங்கள். சார்லஸ் டேஸ் ரசல் எனும் அமெரிக்கர் அதே 2520ஐ எடுத்து, கி.மு. 606இலிருந்து எண்ணி, 1914 என்றார். ஒரே எண்; மில்லருக்கு 1843, ரசலுக்கு 1914! 1914இல் உலகப் போர் மூண்டது உண்மை. ஆனால் அவர் எதிர்பார்த்தது புறவின அரசுகளின் முடிவு. அரசுகள் முடியவில்லை, அணிவகுத்துப் போரிட்டன. பின்னர், கி.மு. 1ஐ அடுத்து வருவது கி.பி. 1தான், இடையே 'சுழி ஆண்டு' இல்லை, ஆகவே கணக்கில் ஓராண்டு குறைகிறது என்பது அவர் வழிவந்தோர்க்குப் புலப்பட்டது. முடிவை 1915 என மாற்றினரா? இல்லை; தொடக்கத்தைக் கி.மு. 607க்கு நகர்த்தினர்! எருசலேம் வீழ்ந்தது கி.மு. 587 அல்லது 586 என வரலாற்றறிஞர் உரைப்பதைப் பற்றியோ கவலையில்லை. விடையைக் காப்பாற்ற வினாவைத் திருத்தும் கணக்கு இது.

அதே சுழி ஆண்டு மில்லரின் அணியையும் தடுக்கிவிட்டது. 1843 மார்ச்சு முதல் 1844 மார்ச்சு வரை என்று சொன்ன எல்லை கடந்தபோது, 'ஓராண்டு விட்டுப்போயிற்று' எனக் கண்டனர். சாமுவேல் ஸ்னோ என்பார், யூதரின் ஏழாம் மாதம் பத்தாம் நாளான பாவநிவாரண நாளைக் கணக்கிட்டு, அக்டோபர் 22 என்று அறுதியிட்டார். தயங்கிய மில்லரும் கடைசி நாள்களில்தான் அதை ஏற்றார். கணக்கு நுணுக்கமாக நுணுக்கமாக, நம்பிக்கை இறுகிற்று. நம்பிக்கை இறுக இறுக, வீழ்ச்சியின் அடி வலுத்தது.

லண்டன் போலீசில் 1888 முதல் குற்றப்புலனாய்வுத் துறைக்குத் தலைமை தாங்கிய சர் ராபர்ட் ஆண்டர்சன் வேறொரு நுணுக்கம் செய்தார். எழுபது வாரங்களில் 69ஐ எடுத்து, 69ஐ ஏழால் பெருக்கி 483 ஆண்டாக்கி, ஆண்டுக்கு 360 நாள் வீதம் 1,73,880 நாள் என்றார். கி.மு. 445 மார்ச்சு 14இலிருந்து எண்ணினால் கி.பி. 32 ஏப்ரல் 6, இயேசு எருசலேமில் நுழைந்த நாள் என்பது அவர் துணிபு. ஒரு நாளும் பிசகவில்லையாம்! ஆனால் யூதர் அப்படி 360 நாள் ஆண்டை வைத்துக் காலம் ஓட்டியதில்லை. பஸ்கா விழா வேனிலைவிட்டு நகராமலிருக்க, சில ஆண்டுகளில் ஒரு மாதத்தை மிகுதியாகச் சேர்த்து வந்தவர்கள் அவர்கள். 360 நாள் ஆண்டை 483 முறை அடுக்கினால், மெய்யான ஆண்டுக் கணக்கில் ஏழு ஆண்டு மறைந்து போகும். மறைந்த அந்த ஏழு ஆண்டுதான் அவர் விரும்பிய இடத்தில் கணக்கைக் கொண்டுபோய் நிறுத்திற்று. மேலும், மில்லரின் 2300க்கு 365 நாள் ஆண்டு, ஆண்டர்சனின் 483க்கு 360 நாள் ஆண்டு! ஒரே ஏட்டிலே அடுத்தடுத்த அதிகாரங்கள், ஆளுக்கோர் ஆண்டு!

வரலாறு சொல்வது என்ன?

குறை கூறிவிட்டு ஒதுங்குவது திறனாய்வு ஆகாது. தானியேல் நூல் உண்மையில் எதைப் பேசுகிறது? இக்கேள்விக்குக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே விடை தந்தவர் போர்ஃபிரி எனும் மெய்யறிஞர். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனில் எழுதப்பட்டதாகக் காட்டிக்கொள்ளும் இந்நூல், உண்மையில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், கிரேக்க வழிச் சிரிய மன்னன் அந்தியோகஸ் எப்பிஃபானஸ் காலத்தில் எழுந்தது என்றார். அவர் நூலைக் கிறித்தவப் பேரரசர்கள் நெருப்பிலிட்டனர். ஆனால் அவரை மறுக்கப் புகுந்த ஜெரோம், அவர் வாதங்களை எடுத்தெழுதி மறுத்ததால், நெருப்புக்குத் தப்பி அவை நம் கைக்கு வந்தன. கொளுத்தியவர்கள் தோற்றனர், மறுத்தவரே காத்துக்கொடுத்தார்!

இன்றைய ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் அவர் பக்கமே நிற்கின்றனர். காரணம் யாது? பதினோராம் அதிகாரம் சிரிய, எகிப்திய அரசர்களின் போர்களையும் மணஉறவுகளையும் அச்சொட்டாகச் சொல்லிவருகிறது. கி.மு. 167இல் அந்தியோகஸ் எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தியது வரை குறி தப்பவில்லை. அதற்குப் பிறகோ, அவன் மீண்டும் எகிப்தை வென்று, கடலுக்கும் புனித மலைக்கும் நடுவே கூடாரமடித்து மடிவான் என்கிறது. அவன் கி.மு. 164இல் பாரசீகப் பகுதியில் மடிந்தான்! நடந்ததைக் கூறும்வரை துல்லியம். நடக்கப்போவதைத் தொட்டதும் தடுமாற்றம். எழுதியவர் எந்த ஆண்டில் அமர்ந்து எழுதினார் என்பதை அந்தத் தடுமாற்றமே காட்டிக்கொடுக்கிறது. மாறாக, தாம் வாழ்ந்ததாகச் சொல்லும் பாபிலோனைப் பற்றியோ அவர் தவறுகிறார். பெல்ஷாத்சாரை நேபுகாத்நேச்சாரின் மகன் என்கிறார். அவன் நபோனிதுவின் மகன் என்பதைப் பாபிலோனியக் களிமண் ஏடுகள் காட்டுகின்றன. பாபிலோனைக் கைப்பற்றிய 'மேதியனாகிய தரியு' என்று ஒருவனை வரலாறு அறியாது.

2300 இராப்பகலும் அங்கேயே விளங்கிவிடுகிறது. காலைப் பலியும் மாலைப் பலியுமாக 2300 என்றால் 1150 நாள். மூன்று ஆண்டுக்குச் சற்று மேல். கோவில் தீட்டுப்பட்டது கி.மு. 167 டிசம்பர், மக்கபேயர் அதனை மீட்டுத் தூய்மை செய்தது கி.மு. 164 டிசம்பர். எட்டாம் அதிகாரமோ, வெள்ளாட்டுக்கடா என்பது கிரேக்க அரசு என்று தானே வாய்விட்டுக் கூறுகிறது. நூலே தந்த விளக்கத்தைத் தள்ளிவிட்டு, ரோம் என்றும் போப் என்றும் பொருள் தேடினர் பின்வந்தோர்.

இன்னும் ஆழமான செய்தி ஒன்று உண்டு. எருசலேமின் துயர் எழுபது ஆண்டில் முடியும் என்றது எரேமியாவின் வாக்கு. எழுபது கடந்தும் முழு விடுதலை வரவில்லை. தானியேல் நூலாசிரியர் என் செய்தார்? எழுபது ஆண்டு என்பது எழுபது 'ஆண்டு வாரம்', அதாவது 490 ஆண்டு என விரித்தார்! நூலின் கடைசி அதிகாரத்தில் 1290 நாள் என்று ஒரு வரி. அடுத்த வரியில் 1335 நாள் வரை காத்திருப்பவன் பேறுபெற்றவன் என்று ஒரு வரி. முதல் கெடு தவறியதும் அடுத்த கெடு எழுதிச் சேர்க்கப்பட்டது என அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், கெடுவை நீட்டும் வழக்கத்தை மில்லரின் ஆள்கள் கண்டுபிடிக்கவில்லை. மூல ஏட்டிலேயே அது முளைவிட்டிருக்கிறது!

வரலாற்று விளக்கத்திலும் இடைவெளி இல்லாமல் இல்லை. 490 ஆண்டில் முதல் 49 பொருந்துகிறது: 587இலிருந்து 538. அடுத்த 434 ஆண்டோ, அந்தியோகஸ் காலத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அவ்வாசிரியருக்குப் பாரசீகக் காலத்தின் நீளம் சரியாகத் தெரியவில்லை, அல்லது எழுபதும் ஏழும் அவருக்குக் கணக்கைவிடக் குறியீடாகவே இருந்தன என்பர் ஆய்வாளர். வரலாற்றறிஞர் தம் விளக்கத்தில் உள்ள ஓட்டையை ஓட்டை என்றே சொல்கின்றனர். நாள் குறிப்போர் ஓட்டையைக் கண்டதும் அதன்மேல் புதுத்தாள் ஒட்டுகின்றனர்.

இவ்வாறு படிக்கும்போது தானியேல் நூல் சிறுமைப்படுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுங்கோலன் கோவிலை மிதிக்கிறான். சமயநூலை வைத்திருப்பவனைக் கொல்கிறான். ஆயுதமற்ற மக்கள் நடுங்குகின்றனர். அப்போது ஒருவர், 'இவன் ஆட்சிக்கும் எண்ணிக்கை உண்டு, இன்னும் சில நாளே' என்று எழுதி ஊக்கமூட்டுகிறார். அடக்குமுறைக்கு எதிரான இலக்கியமது! எண்கள் அங்கே ஏங்கும் நெஞ்சின் துடிப்பு. அத்துடிப்பை நாட்காட்டியாக்கி, ஈராயிரம் ஆண்டுக்குப் பிறகு வேற்று நாட்டிலே தொங்கவிட்டவர்களே அந்நூலுக்கு இழைத்தனர் அநீதி.

தோற்றும் தோற்காதார்

1844இல் கணக்குப் பொய்த்தது, கணக்கு ஒழிந்ததா? மறுநாட் காலையே ஹைரம் எட்சன் என்பாருக்கு ஒரு விளக்கம் தோன்றியது: நாள் சரி, நிகழ்ச்சிதான் வேறு, இயேசு அன்று மண்ணுலகுக்கு வரவில்லை, விண்ணுலகக் கோவிலின் உள்ளறைக்குள் சென்றார் என்று. எவரும் சென்று பார்க்கமுடியாத இடத்துக்கு நிகழ்ச்சியை மாற்றிவிட்டால், அதன்பின் அதனை மறுப்பார் யார்?

2011இல் ஹரால்டு கேம்பிங் எனும் பொறியாளர், வானொலி வழியே மே 21 என்று நாள் குறித்தார். கி.பி. 33 ஏப்ரல் 1 முதல் அந்நாள் வரை 7,22,500 நாள். அது 5, 10, 17 ஆகியவற்றைப் பெருக்கி வரும் 850இன் வர்க்கம் என்றார். வர்க்கம் சரிதான்! 1994க்கும் அவரே கெடு வைத்திருந்தார். மே 21 போனதும் அக்டோபர் 21 என்றார், அதுவும் போயிற்று. விளம்பரத்துக்காகச் சேமிப்பைக் கொட்டிக் கொடுத்த எளியவர்கள் கை வெறுங்கையாயிற்று. மறு ஆண்டு, நாள் குறித்தது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது பெருமைதான். ஆனால் கொடுத்தவர் பணம் திரும்புமோ?

எளியவரைக் கண்டு எள்ளி நகையாடாதீர், தோழர்களே! நியூட்டனும் நேப்பியரும் விழுந்த பள்ளத்திலே ஓர் உழவர் விழுந்தார் என்று நாம் சிரிக்கத் தேவையில்லை. பள்ளம் எங்கே என்று காட்டுவதே நம் பணி. எண்ணைக் காட்டி எவர் வந்தாலும், அது வேதத்தின் பெயரால் ஆயினும் வேறெதன் பெயரால் ஆயினும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தத் தொடக்க ஆண்டைத் தெரிந்தெடுக்கச் சொன்னது யார்? நாளை ஆண்டாக்கும் விதி நூலில் உண்டா, உம் நாவில் உண்டா? எது நடந்தால் 'என் கணக்குத் தவறு' என்று ஒப்புவீர், அதை இப்போதே எழுதித் தருவீரா? தவறிப்போனால், உம்மை நம்பி வயலை விட்டவர்க்கு விளைச்சலை யார் தருவார்?

2060 வரும். நியூட்டன் தாளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருவோரும் வருவர். இன்று இருபது வயதில் இதைப் படிக்கும் இளைஞருள் பலர் அன்று இருப்பீர்கள். அந்த ஆண்டிலும் விதைக்கவேண்டிய பருவத்தில் விதையுங்கள். அறுக்கவேண்டிய பருவத்தில் அறுங்கள்!